எங்கள் தெருவில் எல்லாமே 'உடனே'!

இன்று காலை கம்ப்யூட்டர் முன்னால் நின்று ஒரு குட்டி டான்ஸ் ஆடிவிட்டேன்!

(கணவர் பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.)

விஷயம் இதுதான்.

பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் எங்கள் தெரு. வீட்டுக்கு ப்ராட்பேண்ட் வந்த ஜோரில் தெருவுக்கென்று ஒரு வெப்சைட் செய்தேன். என்ன வேண்டும் என்று யாரும் ஐடியா போடலாம், மற்றவர்கள் ஓட்டுப் போடலாம். முதலில் வருவதை நலச்சங்கம் செய்துகொடுக்கும்.

மழைக்கு முன்னால் ஒரே ஒரு வேலைதான் சங்கத்தால் முடியும்.

முதலிடம் எதற்கு? பொங்கல் விழாவுக்குக் கலர் லைட்!

நூர்ஜஹான் அக்கா வீட்டு வாசலில் ஸ்லாப் உடைந்து, கால்வாய்க்குள் விழுந்து அடைத்துக்கொண்டு கிடக்கிறது. போன மழைக்கு சாக்கடைத் தண்ணீர் அவர்கள் ஹாலுக்குள்ளேயே வந்துவிட்டது. அது நான்காவது இடம்!

எனக்குப் பொறுக்கவில்லை. ஓட்டோடு அவசரத்தையும் கணக்கில் எடுக்க மூன்று லெவல் சேர்த்தேன். 'உடனே', 'இந்த வருஷத்துக்குள்', 'மெதுவாக'. ஐடியா போட்டவரே லெவலைக் குறிக்க வேண்டும். அவரவர் கஷ்டம் அவரவருக்குத்தானே தெரியும்!

(என்ன ஒரு அறிவு எனக்கு!)

மறுநாள் பார்த்தால் கலர் லைட் உடனே. நாய்த் தொல்லை உடனே. காலி மனையில் ஷட்டில் கோர்ட், அதுவும் உடனே!

ஷட்டில் கோர்ட் கேட்டவர் பேங்கில் வேலை பார்க்கும் செல்வின் சார். அடியில் காரணம் வேறு எழுதியிருந்தார்: "டாக்டர் வெயிட்டைக் குறைக்கச் சொல்லிட்டார். இது மெடிக்கல் எமர்ஜென்சி!"

ஒன்றே ஒன்றுதான் 'மெதுவாக'. நூர்ஜஹான் அக்காவின் ஸ்லாப்! நான்காவது இடத்தில் இருந்தது இப்போது கடைசிக்குப் போய்விட்டது. உதவுகிறேன் பேர்வழி என்று நானே கெடுத்துவிட்டேன்.

செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினேன்.

"என்னக்கா இப்படிப் போட்டுட்டீங்க?"

"நம்ம வீட்டு விஷயத்தை நாமளே அவசரம்னு எப்படி ஜெனி போடறது? பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"ஹாலுக்குள்ள தண்ணி வந்துச்சேக்கா!"

"வந்துச்சுதான். அதுக்காக எல்லாரையும் தள்ளிட்டு முன்னாடி போய் நிக்க முடியுமா?"

அப்போதுதான் உறைத்தது. பந்தியில் பசியோடு உட்கார்ந்துகொண்டே "போதும் போதும்" என்று இலையை மறைக்கிற ஆட்கள் நாம்! பக்கத்து இலைக்காரர்தான் "இவருக்கு இன்னும் கொஞ்சம் வைங்க" என்று சொல்ல வேண்டும்.

உடனே ரூலை மாற்றினேன். தன் ஐடியாவுக்குத் தானே லெவல் போடக்கூடாது. மற்றவர்கள்தான் போட வேண்டும்.

செல்வின் சார் எங்கள் வீட்டு கேட்டுக்கே வந்துவிட்டார்.

"என் அவசரம் இன்னொருத்தருக்கு எப்படிம்மா தெரியும்? அநியாயம்மா இது!"

ஆனால் அக்காவின் ஸ்லாப்புக்கு முதல் 'உடனே' போட்டது அவர்தான். (தங்கமான மனுஷன். ஷட்டில் என்றால் மட்டும் கொஞ்சம் முன்னே பின்னே.)

இன்று காலை ரிசல்ட். ஸ்லாப் முதலிடம்! ஒரு வீடு பாக்கியில்லாமல் 'உடனே'! அதற்குத்தான் அந்த டான்ஸ்.

ஷட்டில் கோர்ட் கடைசி. வரிசையாக 'மெதுவாக', 'மெதுவாக'... நடுவில் ஒரே ஒரு 'உடனே'!

சங்கத் தலைவர் கையோடு கொத்தனாரைக் கூட்டி வந்துவிட்டார். அக்கா வாசலில் தெருவே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. செல்வின் சாருக்கு மட்டும் வேறு கவலை.

"எனக்கு உடனேன்னு போட்ட அந்தப் புண்ணியவான் யாரும்மா?"

அக்காதான் முந்தானையைச் சரிசெய்துகொண்டு மெல்லச் சொன்னார்.

"நான்தான் சார். டாக்டரே சொல்லிட்டாருன்னு எழுதியிருந்தீங்களே, பாவம். எங்களுக்கென்ன, மழை வந்தாத்தானே தண்ணி வரும்!"