அந்திக்கு முன் உடைந்த தூண்

கத்திரி வெயிலில் நன்னிலம் பக்கம் போகிறேன் என்றதும் வீட்டில், "உனக்கு மூளை குழம்பிடுச்சா?" என்றார்கள். நெடுநாளாகப் பார்க்க ஆசைப்பட்ட இரணிய நாடகம் சித்திரைக் கடைசியில்தான் நடக்கிறது. அதற்கு நான் என்ன செய்வது? ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன்.

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் நாற்பது கிலோமீட்டர். அங்கிருந்து நன்னிலத்துக்கு பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். பிறகு ஏழு கிலோமீட்டர் ஆட்டோ, இருநூறு ரூபாய். வாய்க்காலில் பொட்டுத் தண்ணீர் இல்லை. உளுந்து எடுத்த வயல் வெடித்துக் கிடந்தது. அந்த வயலில்தான் நாடகம், அதுவும் மூன்று மணிக்கு. "ராத்திரி வச்சுக்கக் கூடாதா?" என்று ஆட்டோ ஓட்டிய சேகரிடம் கேட்டேன்.

"பகலும் இல்லாம ராத்திரியும் இல்லாம அந்தி நேரத்துலதாங்க இரணியனுக்குச் சாவு. அப்படி வரம் வாங்கியிருக்கான். எங்க ஊர்ல அதை நெஜ அந்தியிலயே முடிச்சிடுவோம். அதான் மூணு மணிக்கே ஆரம்பம்."

இரணியனைக் கொல்ல வரும் நரசிம்மர் அதுவரை தூணுக்குள் நிற்க வேண்டும். அந்த வேடக்காரருக்குக் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படக்கூடாது. தலையில் கனத்த முகமூடி. ஆரத்தி காட்டிய பிறகே கழற்றுவார்கள். முன்பெல்லாம் தூணைத் தென்னங்கீற்றில் கட்டுவார்கள், காற்று புகும். இந்த வருஷம் சிங்கப்பூரில் இருக்கும் பையன்கள் பணம் அனுப்ப, கருங்கல் மாதிரி அச்சடித்த ஃப்ளெக்ஸை இறுக்கிச் சுற்றியிருந்தார்கள். பார்க்க அமர்க்களம்தான். ஆனால் உள்ளே ஒரு மனிதர் நிற்கிறார், காற்றுப் புக வழியில்லை.

உள்ளே நின்றவர் உரக்கடை முருகையன். இரணியன் வேடம் அவருடைய மச்சான் பாஸ்கருக்கு. அறுவடை மெஷின் ஓட்டுகிறவர். இரணியனின் ஒவ்வொரு பாட்டு முடிவிலும் தூணிலிருந்து உறுமல் வர வேண்டும். ஐந்து மணி வரை வந்தது. அடுத்த பாட்டுக்கு உறுமல் இல்லை. தூண் மட்டும் தடதடவென்று ஆடியது.

"சாமி வந்துடுச்சு! கோவிந்தா!" என்று கூட்டம் எழுந்து கும்பிட்டது. சூடம் ஏற்றினார்கள். பொய் சொல்வானேன், எனக்கும் மெய் சிலிர்த்தது. பாஸ்கர் பாட்டை நிறுத்தினார்.

"பாடுப்பா, ஏன் நிறுத்துற?" என்று மைக்கில் அதட்டினார் விழாக்குழுத் தலைவர்.

"சாமி வந்தா உறுமணும்ல? மச்சான் சத்தமே காணுமே!"

"இன்னும் அந்தி ஆவல. தூணைத் தொடாதே!"

பாஸ்கர் கதாயுதத்தை வீசிவிட்டுத் தூணை எட்டி உதைத்தார். மூங்கில் முறிந்தது, ஃப்ளெக்ஸ் கிழியவில்லை. சேகர் கத்தியோடு ஓடிவந்து அறுத்தார். முருகையன் முகமூடியோடு குப்புற விழுந்தார். உடம்பு கொதித்தது, ஒரு சொட்டு வேர்வை இல்லை. "ஆரத்தி காட்டாம கழட்டாதீங்க!" என்று யாரோ கத்தியதைப் பாஸ்கர் காதிலேயே வாங்கவில்லை. முகமூடியைக் கழற்றியபோது முருகையனுக்குக் கண் செருகியிருந்தது. டிராக்டர் நிழலுக்கு இழுத்துப் போய்க் குடம் குடமாக உடம்பில் தண்ணீர் ஊற்றினோம். செத்துவிடுவார் என்றே நினைத்தேன். துண்டால் விசிறிக்கொண்டே இருந்தேன். சேகரின் ஆட்டோவிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

சலைன் ஏறிக்கொண்டிருந்தபோது தலைவரிடமிருந்து போன். "அந்தி போவுதேப்பா. இரணியன் சாவாம நாடகம் நின்னா சாமி குத்தமாயிடும்."

"கொல்றதுக்குத்தாங்க அந்தி வேணும். காப்பாத்துறதுக்கு யாரு நேரம் குறிச்சா?" என்று பாஸ்கர் போனை வைத்தார்.

நீங்கள் போவதாக இருந்தால் குடை, தண்ணீர், உப்பு சர்க்கரைக் கரைசல் மூன்றும் கட்டாயம். இறங்கியதும் முதலில் தூணைப் பாருங்கள். கீற்று என்றால் நிம்மதியாக உட்காருங்கள். ஃப்ளெக்ஸ் என்றால், விருந்தாளி என்று கூச்சப்படாமல் சண்டை போடுங்கள். வேர்வை நின்ற உடம்புக்குச் சூடம் காட்டாதீர்கள், தண்ணீர் ஊற்றுங்கள்.

ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு வெளியே அந்தி வந்து போனது. முருகையன் கண் திறந்தார். இந்த வருஷம் அந்த ஊரில் இரணியன் சாகவில்லை. ஒட்டு மீசையும் அரிதாரமுமாகக் கட்டிலோரம் உட்கார்ந்து, நரசிம்மருக்கு விசிறிக்கொண்டிருந்தான்.