“போரில் இறந்தார்” என்று எழுத அக்கா சம்மதிக்கவில்லை

அக்கா இறைவனில் இளைப்பாறி இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இளைப்பாறி என்று எழுதவே கை தயங்குகிறது. எழுபத்து நான்கு வயது வரை அவர் இளைப்பாறி நான் கண்டதில்லை. ஜெர்மனியில் நர்ஸாக இருந்து பாதியில் திரும்பியவர் என்பது மட்டும் உறவினர்கள் பலருக்குத் தெரியும். ஏன் திரும்பினார் என்று வீட்டில் நாங்கள் யாரும் வெளியே சொன்னதில்லை. தம்பியாகிய நான் இங்கே சொல்லிவிடுகிறேன்.

மேட்டூர் அணையில் மீன் பிடித்த எங்கள் அப்பாவுக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தார் அக்கா. பங்குச் சாமியாரின் ஏற்பாட்டில் பத்தொன்பது வயதில் ஜெர்மனி போனார். மியூனிக் நகருக்கு அருகே ஒரு சிற்றூரில், கன்னியாஸ்திரீகள் நடத்திய முதியோர் இல்லத்தில் வேலை.

அங்கே சாப்பாட்டுக் கூடத்தில் எல்லா மேசைகளிலும் நாலைந்து பேர் இருப்பார்களாம். ஒரு மேசையில் மட்டும் ஹில்டா அம்மா தனியாக இருப்பாராம். ஏன் என்று அக்கா கேட்டதற்கு, “அவள் புருஷன் துரோகி” என்று பதில் வந்தது.

அவர் கணவர் யோஹான் அந்த ஊர்த் தபால் நிலையத்தில் எழுத்தர். ஹிட்லரின் ஆட்சியில், போர் நடந்துகொண்டிருந்தபோது, அரசாங்கம் பொய் சொல்கிறது, பிடித்துக்கொண்டு போகும் மக்களைக் கொல்கிறது, போரை நிறுத்துங்கள் என்று தாளில் தட்டச்சு செய்து ரயில் பெட்டிகளில் வைத்துவிட்டு வந்தவர். யாரோ காட்டிக் கொடுத்தார்கள். மியூனிக் சிறையில் அவர் தலையை வெட்டினார்கள். அந்த ஆட்சி ஒழிந்த பின்னும் ஊருக்கு அவர் துரோகிதான். போரில் இறந்த ஊர்க்காரர்களின் பெயர்களைக் கோயில் சுவரில் கல்லில் பொறித்தபோது அவர் பெயரை விட்டுவிட்டார்கள்.

அந்தத் தாள்களை மடித்துக் கொடுத்தவர் ஹில்டா அம்மாதான். கணவர் முன்பே சொல்லி வைத்திருந்தபடி, விசாரணையில் தமக்கு ஒன்றுமே தெரியாது என்று சொல்லித் தப்பித்தார். அதை அக்காவைத் தவிர வேறு யாரிடமும் அவர் சொன்னதில்லை.

அக்கா தட்டை எடுத்துக்கொண்டு போய் அந்த மேசையில் உட்கார்ந்தார். ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் ஹில்டா அம்மாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு கோயிலின் பங்கு அலுவலகத்துக்குப் போய், கல்லில் பெயரைச் சேர்க்கும்படி கேட்டார். முடியாது என்றார்கள். அடுத்த வாரமும் போனார். இப்படியே இரண்டு வருடம். ஊர்க் குடும்பங்கள் புகார் செய்தன. வந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்கும்படி இல்லத் தலைவி எச்சரித்தார். அக்கா கேட்கவில்லை. வேலை ஒப்பந்தம் முடிந்தபோது அவர்கள் அதைப் புதுப்பிக்கவில்லை. பிள்ளையில்லாத ஹில்டா அம்மா, கணவர் சிறையிலிருந்து எழுதிய கடைசிக் கடிதத்தை அக்காவின் கையில் கொடுத்து அனுப்பினார்.

அப்போது அப்பா பக்கவாதத்தில் கிடந்தார். குடும்பமே அக்காவின் வேலையை நம்பியிருந்தது. சேலம் ரயில் நிலையத்தில், பெட்டியைக் கூட வாங்காமல் நான் கத்தினேன்.

“எவனோ வெள்ளைக்காரன் செத்ததுக்கு இருந்த வேலையத் தொலைச்சுட்டு வந்து நிக்கறியே அக்கா. ஊட்ல எல்லாரும் என்ன பண்றது?”

“எவனோ இல்லடா. அவரு பேரு யோஹான்.”

“உடு சாமி, புள்ள ஊடு வந்து சேந்துச்சே” என்றார் அம்மா. நான் விடவில்லை. ஒரு வருடம் அக்காவோடு பேசவில்லை. இன்று அதை நினைத்தால் உட்கார முடியவில்லை.

அதன் பிறகு குமாரபாளையத்தில், விசைத்தறிக்காரர்கள் வரும் ஒரு சிறு மருத்துவமனையில் அக்கா முப்பது வருடம் வேலை பார்த்தார். தறியில் விரல் நசுங்கி வந்த ஒருவருக்கு, வீட்டில் அடிபட்டது என்று எழுதச் சொன்னார் தறி முதலாளி. “தறியில தானுங்க அடிபட்டுச்சு, அதத்தான் எழுதுவேன்” என்று அக்கா அப்படியே எழுதிக் கொடுத்தார். பல வரன்கள் வந்தன. எதுவும் கூடிவரவில்லை. அவர் அதைப் பற்றிப் பேசியதும் இல்லை. கல்லறைத் திருநாள் வந்தால் மட்டும் நிலைகொள்ளாமல் வீட்டுக்குள்ளேயே நடப்பார். பிறகு உட்கார்ந்து அந்த ஜெர்மன் பங்குக்கு ஒரு கடிதம் எழுதுவார். பதில் வராது. அடுத்த வருடமும் எழுதுவார்.

மூன்று வருடங்களுக்கு முன் பதில் வந்தது. மார்க்குஸ் என்ற அந்த ஊர்ப் பள்ளி ஆசிரியர் பங்கு அலுவலகத்தில் அக்காவின் கடிதக் கட்டைப் பார்த்திருக்கிறார். ஹில்டா அம்மா இறந்து வெகு காலம் ஆகியிருந்தது. கல்லில் பெயரைப் பொறிக்கப் பங்குக் குழு இசைந்துவிட்டது, யோஹானின் கடிதத்தை அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார். அக்கா குழந்தை போல அழுதார். ஆனால் குழு முடிவு செய்திருந்த வாசகம், “போரில் இறந்தார்”. பழைய குடும்பங்கள் சங்கடப்படக் கூடாதாம்.

“போர்ல சாகல. எதுத்து எழுதுனதுக்கு கவர்மென்ட்டே வெட்டுச்சு. அப்படிப் போட முடியாதுன்னா நான் கடுதாசி தரமாட்டேன்” என்றார் அக்கா.

“இத்தன வருசங்கழிச்சு பேராச்சும் வருதே, உடு அக்கா.”

“உசுருக்குப் பயந்து ஹில்டாம்மா பொய் சொன்னாங்க. இப்ப இவங்களுக்கு என்னடா பயம்?”

அந்த இழுபறி தீராமலேயே சிறுநீரகம் பழுதாகி, அக்கா கொண்டப்பநாயக்கன்பட்டியில் எங்கள் வீட்டில் படுத்தார். கடைசி வாரத்திலும், “மார்க்குஸு பேசுனாரா?” என்றே கேட்டுக்கொண்டிருந்தார். இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போயிற்று. ஒரு காலை, கேட்கவில்லை.

வாரம் இருமுறை டயாலிசிஸுக்குத் தம் காரிலேயே கூட்டிப்போன எதிர்வீட்டு ஜமால் பாய்க்கும், கடைசி நாட்களில் துணி மாற்றிவிட்ட குமாரபாளையத்து நர்ஸ் தங்கைகளுக்கும், நற்கருணை கொண்டுவந்த பங்குத்தந்தைக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

போன மாதம் மார்க்குஸ் அழைத்தார். அவர் ஆங்கிலத்தில் பேச, என் மகள் தமிழில் சொன்னாள். ஆட்சேபித்த அக்கா காலமாகிவிட்டதால், கடிதத்தை வைத்திருக்கும் எங்கள் குடும்பம் சம்மதித்தால் “போரில் இறந்தார்” என்றே உடனே பொறித்துவிடலாம் என்று குழு கருதுகிறதாம். அதைச் சொல்லும்போது அவருக்கே குரல் இறங்கியது.

“விட்டுடலாமாப்பா?” என்றாள் மகள்.

“வேண்டாம்னு சொல்லு சாமி.”

ஆட்சேபணை குழுவில் நிற்க வேண்டுமானால் எழுத்தில், ஒருவர் பெயரில் இருக்க வேண்டுமாம். யார் பெயரில் என்று மார்க்குஸ் கேட்டார்.

“எம்பேரக் குடு” என்றேன்.