கார்ரொன் வீட்டுத் தண்ணீர்

கடைசியாக நானும் அம்மாவும் சேர்ந்து செய்த வேலை, இல்லாத ஒருவருக்குக் குப்பை சேர்த்தது.

பிப்ரவரியின் முதல் செவ்வாய். ஊராட்சி விற்கும் குப்பைப் பையைச் சமையல் மேசையில் விரித்துவைத்திருந்தோம். காப்பிச் சக்கை, உருளைக்கிழங்குத் தோல், இரண்டு நாள் பழைய செய்தித்தாள். நான் தயிர்க் கிண்ணத்தைக் கழுவப் போனேன்.

"கழுவாதடி லிலியான். தனியா இருக்குற ஆம்பள. அவரு கழுவுவாரா?"

"சர்க்கரை போட்ட தயிரா சாப்புடுறாரு உன் ஆளு? இந்த வயசுலயா?"

"சொன்னா எங்க கேக்குறாரு."

நான் சிரித்தேன். அம்மா சிரிக்காமல் பையின் வாயைக் கட்டினாள்.

அம்மாவின் பெயர் ஒதில் மெத்ராயே. இந்தப் பனிச்சறுக்கு ஊரில் பிறந்து, இங்கேயே அறுபத்தேழு வயதுவரை இருந்தவள். முப்பத்தெட்டு வருடம் பிறர் வீடுகளைப் பார்த்துக்கொண்டாள். அவளிடம் இருபத்தாறு வீட்டுச் சாவிகள் இருந்தன. சொந்தக்காரர்கள் வருடத்தில் இரண்டு வாரம் வருவார்கள். மற்ற நாளெல்லாம் அவள்தான் போய் ஜன்னலைத் திறப்பாள், குழாயை ஓடவிடுவாள், எலி வந்திருக்கிறதா என்று பார்ப்பாள். எந்த வீட்டிலும் உட்கார மாட்டாள். ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் நின்றபடியே தின்பாள். "உக்காந்தா சோபா குழியும். அதையும் நானேதான் தட்டணும்" என்பாள்.

நவம்பரில் எங்கள் தெருவில் நான்கு வீடுகளில்தான் புகை வரும். வீட்டு விற்பனை முகவர் காயெதானின் கடைக் கண்ணாடியில் மட்டும் வீட்டுப் படங்கள் நிறைந்திருக்கும். எதற்கும் விலை போட்டிருக்காது.

கார்ரொன் வீடு வேறு மாதிரி. வருடம் முழுக்க ஆள் குடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையில் கட்ட அனுமதித்த வீடு அது. சொந்தக்காரர்கள் எமில் கார்ரொன் என்ற முதியவரைக் குடியிருப்பவராகப் பதிந்துவிட்டு வெளிநாடு போனார்கள். அவரை ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை. ஊராட்சி பார்ப்பது தண்ணீர் மீட்டரையும் குப்பையையும்தான். ஆகவே காயெதான் அம்மாவிடம் அந்த முதியவர் அங்கே இருப்பதுபோல நடத்திவரச் சொன்னார். அம்மா ஆறு வருடம் நடத்தினாள். தினமும் காலை ஒன்பதுக்குக் குளியலறைத் தண்ணீர், மாலையில் விளக்கு, செவ்வாய்தோறும் ஒரு பை. வருடக் கடைசியில், 'எமில் கார்ரொன் இங்கு வசிக்கிறார்' என்ற தாளில் அவள் கையெழுத்து.

முதலில் அதை வேடிக்கையாகத்தான் பேசுவாள். போன வருடத்திலிருந்து அவரைப் பற்றிப் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள்.

பிப்ரவரி ஒன்பது, காலை பத்து மணி. அந்த வீட்டைப் பூட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகும் வழியில் விழுந்தாள். மாரடைப்பு. பனி அள்ளும் வண்டிக்காரர்தான் முதலில் பார்த்தார்.

வீடுகளின் வெப்பத்தையும் தண்ணீரையும் தூரத்திலிருந்து கணினியில் கண்காணிப்பது என் வேலை. கார்ரொன் வீடும் என் திரையில் வரும்; அங்கே ஓடுவது அம்மா விடும் தண்ணீர்தான் என்று அதை நான் திறந்து பார்த்ததில்லை. அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அலுவலகம் போனேன்.

6:40. சமையலறை, இரண்டு லிட்டர்.
6:52. குளியலறை, முப்பத்தெட்டு லிட்டர், வெந்நீர்.

அன்று காலைப் பதிவு அது. முந்தின நாளும் அதேதான். அடக்கத்தன்றும். பழைய பதிவுகளைத் திறந்தேன். அம்மா சாகும்வரை பதினைந்து மாதமாக, தினமும் 6:40 வாக்கில் ஒரு தடவையும் ஒன்பது மணிக்கு ஒரு தடவையும் தண்ணீர் ஓடியிருந்தது. ஒன்பது மணி அம்மாவுடையது. 6:40க்கு அம்மா எங்கள் வீட்டில் என் எதிரில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருப்பாள்.

போய்ப் பார்த்தேன். கசிவு இல்லை. தானாக ஓடவைக்கும் கருவி எதுவும் இல்லை. பூட்டு சரியாக இருந்தது. இரவு விழுந்த புதுப்பனியில் என் கால்தடம் மட்டும். குளியலறைக் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது.

காயெதானிடம் சொன்னேன்.

"நல்லதாப் போச்சு. இருபத்தேழாம் தேதி அந்த வீட்டுக்குக் கிரயம். அதுவரைக்கும் ஓடட்டும்."

"யாரு ஓட விடுறான்னு தெரிய வேணாமா?"

"எதுக்கு? வாங்குறவங்க கேக்கல, ஊராட்சி கேக்கல. உனக்கு மட்டும் என்ன?"

"நான் தண்ணிய மூடப் போறேன், காயெதான்."

"மூடு. மீட்டர் நிக்கும். வீட்ல ஆளே இல்லன்னு எழுதுவாங்க. அப்ப ஆறு வருஷம் ஆள் இருக்குன்னு கையெழுத்துப் போட்டது யாரு? நானா? நான் எதுலயும் போடலம்மா."

வியாழக்கிழமை காலை குறடை எடுத்துக்கொண்டு அந்த வீட்டு நிலவறைக்குப் போனேன். மூடினால் அம்மா ஊர் முன்னால் பொய் சொன்னவளாவாள். மூடாவிட்டால் நாளைக் காலை 6:40க்கு நான் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். மூடுவது என்றுதான் முடிவு செய்திருந்தேன்.

வால்வின் கைப்பிடியில் அம்மாவின் துணிப்பை தொங்கியது. உள்ளே ஆண்கள் காலணி ஒரு ஜோடி, நாற்பத்துமூன்றாம் அளவு. வாசலில் வைப்பதற்கென்று அம்மா கேட்க, இலையுதிர் காலத்தில் நான்தான் புதிதாக வாங்கித் தந்தேன். அம்மாவின் அளவு முப்பத்தேழு.

திருப்பிப் பார்த்தேன். இரண்டின் அடியும் தேய்ந்திருந்தது. வலது குதிகால் வெளிப்பக்கமாக அதிகம் தேய்ந்திருந்தது, ஒரு பக்கம் சாய்ந்து நடப்பவருடையதைப்போல.

குறடைக் கீழே வைத்தேன்.

காலணிக்குள் அம்மாவின் கையெழுத்தில் ஒரு சீட்டு இருந்தது: "சியோன் நகரில் காலணி ரிப்பேர் கடை. புது அடி போட வேண்டும். எமில் வெள்ளிக்குள் கேட்கிறார்."