ஜெயபாயக்கா சொல்ல மறுத்தது

ராஜபாளையத்தில் ஓர் அறக்கட்டளை நடத்தும் நூலகத்தில் ஜெயபாயக்கா நூலகர். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். காலையில் பஸ்ஸில் வந்து கதவைத் திறப்பார். மாலையில் பூட்டிவிட்டுப் பஸ் ஏறுவார். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது. அதற்குப் பாதி உரிமை அந்த வாசிப்பறை மின்விசிறிக்கு உண்டு. சத்தமாகப் படித்தால் அக்காவுக்கு ஆகாது. "ஏலே, கண்ணால படி. ஒன் பரிச்சைய நாங்க எழுதப் போறதில்ல" என்பார்.

கொரோனாவுக்குப் பிறகு நூலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. ஒரு கம்பெனி மென்பொருளை இலவசமாகவே தந்தது. வேண்டும் என்று அறக்கட்டளைச் செயலாளரிடம் நச்சரித்து வாங்கியவரே அக்காதான். யார் எந்தப் புத்தகம் எடுத்தார்கள், எப்போது திருப்ப வேண்டும் என்பதெல்லாம் அதில் ஏறிவிடும். தவணை முடிந்தால் உறுப்பினரின் போனுக்குச் செய்தி போகும்.

போன் நம்பர் விஷயத்தில் அக்காவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. பெண்கள் உறுப்பினராக வந்தால், "ஒன் நம்பர் எதுக்குட்டி வெளிய சுத்தணும்? வீட்டுப் பெரியவங்க நம்பரக் குடு. கண்ட பய கூப்புட மாட்டான்" என்பார். எங்கள் பக்கம் எந்த வீட்டிலும் இதைத்தான் சொல்வார்கள். அதனால் பெண்கள் எடுத்த புத்தகங்கள் எல்லாம் அப்பா, அண்ணன், மாமனார் நம்பர்களின் கீழ் கம்ப்யூட்டரில் கிடந்தன.

கார்த்திகாவும் அப்படித்தான் மாமனார் நம்பரைக் கொடுத்திருந்தாள். அவள் எனக்குத் தங்கை முறை. இதை எழுதச் சொன்னதும் அவள்தான். அவளுக்கும் அவள் கணவருக்கும் மட்டும் பெயர் மாற்றியிருக்கிறேன். அவளுக்குத் தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் யூனிட்டில் வேலை. கல்யாணமாகிச் சில வருடங்களாகக் குழந்தை இல்லை. தென்காசியில் பரிசோதித்ததில் குறை கணவர் சூர்யபிரகாஷிடம் என்று தெரிந்தது. அதை அந்த இருவரும் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள். அவள் நூலகத்தில் அதைப் பற்றிய ஒரு புத்தகம் எடுத்து, யூனிட்டில் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் படித்தாள். வீட்டுக்குக் கொண்டு போனதே இல்லை.

ஒரு நாள் மாமனாருக்குப் போன் வந்தது. அவருக்குக் காது மந்தம். எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். டீக்கடையில் இருந்தார். "கார்த்திகா மேடம் வீடுங்களா? ஆண்களுக்கான குழந்தையின்மை முகாம் நடத்துறோம். சாரக் கூட்டிட்டு வாங்க, டெஸ்ட் இலவசம்." கடையே கேட்டது.

"யார்ட்டட்டி சொன்ன?" என்று சூர்யபிரகாஷ் கேட்டார். யாரிடமும் சொல்லவில்லை என்று சத்தியம் பண்ணியும் நம்பவில்லை. வேலை பார்க்கும் நூல் மில்லில் அடுத்தடுத்து ஷிப்ட் கேட்டு வாங்கி அங்கேயே தங்கிவிட்டார். அவளைத் தாய் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று பேச்சு ஓடியது.

அவள் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "அக்கா, எம் பேர அடிச்சிருங்க. இனி வரல" என்றாள்.

நடந்ததைக் கேட்ட அக்கா, "ஆஸ்பத்திரிக்காரன் வேலையா இருக்கும்" என்றார்.

"அங்க எங்க வீட்டுக்காரர் நம்பருதான் குடுத்தோம். மாமனார் நம்பரும் இந்தப் புத்தகமும் ஒண்ணாச் சேந்தது இங்க மட்டுந்தான்க்கா."

அக்கா சந்தேகத்தைச் சோதித்துப் பார்த்துவிட முடிவு செய்தார். தன் அட்டையில், தன் நம்பரில், வழுக்கைக்கு வைத்தியம் சொல்லும் புத்தகம் ஒன்றை எடுத்தார். அவருக்கோ இடுப்பைத் தாண்டும் சடை. அந்த வாரமே ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் போன் அடித்தது. "மேடம், முடி நடுறதுக்கு ஆஃபர் போட்டிருக்கோம்."

"எந்நம்பர் எப்பிடிம்மா கெடச்சுது?"

"எங்க லிஸ்ட்ல இருக்கு மேடம். இதப் பத்திப் படிக்கிறவங்க லிஸ்ட்."

மறுநாள் கம்பெனிக்காரர் பிரேம்குமாரை வரச் சொன்னார். அவர் கொஞ்சமும் மறைக்கவில்லை. "ஒப்பந்தத்துலயே இருக்குக்கா, தகவலப் பங்குதாரர்களுக்குக் குடுக்கலாம்னு. சும்மா எவன் சாஃப்ட்வேர் குடுப்பான்?"

அந்த ஒப்பந்தத்தை அக்கா படித்ததில்லை; கையெழுத்துப் போட்ட செயலாளர் ஹரிகிருஷ்ணனும் படித்ததில்லை. அக்கா நேரே அவரிடம் போனார்.

"ஓசியில நல்லாத்தான ஓடுது? எதுக்கும்மா குடையிறீங்க? சரி, புகார் சொன்னது யாரு? என்ன புத்தகம்? அதச் சொன்னாத்தான் அவன்ட்ட நாக்கப் பிடுங்குற மாதிரி கேக்க முடியும்."

டீக்கடைக் கதையைச் சொல்லியிருந்தால் அந்த நிமிடமே காரியம் முடிந்திருக்கும். அக்கா அதைச் சொல்லவில்லை. "அதச் சொன்னா அவனுக்கும் எனக்கும் என்ன சார் வித்தியாசம்?" என்றவர், தனக்கு வந்த முடி போனை மட்டும் சொன்னார். செயலாளர் அவர் சடையைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"அப்ப நான் எடுத்ததும் போயிருக்குமோ?"

"போயிருக்கும் சார்."

எது என்று அக்காவும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. "சரிம்மா, நிறுத்திருங்க" என்றார்.

கம்பெனி வெளியே போனது. போகும்போது எங்கள் விவரங்களை அழித்துவிட்டதாக எழுதிக் கொடுத்தார்கள். அதை எந்த அளவுக்கு நம்புவது என்று அக்காவுக்குத் தெரியவில்லை. பிறகு விதிகள் எழுதினார். புத்தகம் திரும்பிவிட்டால் எடுத்தவர் பெயரை அழிக்க வேண்டும். நினைவூட்டும் செய்தியில் புத்தகத்தின் பெயர் வரக்கூடாது. பெற்றவர் கேட்டாலும் கட்டியவர் கேட்டாலும் யார் என்ன படிக்கிறார் என்று சொல்லக்கூடாது. இனி எந்தக் கம்பெனி வந்தாலும், ஒப்பந்தத்தைக் கமிட்டியில் வரிவரியாக வாசித்த பிறகுதான் கையெழுத்து. அவர்கள் தகவலை என்ன செய்கிறார்கள் என்று நாம் எப்போது வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம் என்பதும் அதில் இருக்க வேண்டும்.

செயலாளர் எல்லாவற்றுக்கும் சரி என்றார். நடந்ததை வாசலில் எழுதி ஒட்ட வேண்டும் என்றபோது மட்டும், "மானம் போயிரும்மா" என்றார். அக்கா தன் கையெழுத்துப் போட்டே ஒட்டிவிட்டார்: "எங்கள் கவனக்குறைவால், உறுப்பினர்களின் போன் எண்களும் அவர்கள் எடுத்த புத்தகங்களின் விவரமும் வெளியாருக்குப் போயிருக்கின்றன. உங்களுக்கு அப்படி அழைப்பு வந்திருந்தால், அது உங்கள் வீட்டார் யாரும் சொல்லி வந்ததல்ல. தவறு எங்களுடையது." அதைப் படித்துவிட்டுச் சிலர் அட்டையைத் திருப்பிக் கொடுத்துப் போனார்கள்.

அப்போதுதான் சூர்யபிரகாஷ் வந்தார். மில்லில் இருந்து நேரே வந்திருக்க வேண்டும். தலையில் பஞ்சு ஒட்டியிருந்தது. நான் உள்ளே படித்துக்கொண்டிருந்தேன்.

"எம் பொண்டாட்டி இங்க என்ன புத்தகம் எடுத்தா?"

"அது சொல்றதுக்கில்ல தம்பி."

"நான் புருஷன்."

"யாரா இருந்தாலும்."

"அவ புத்தகத்துனாலதான் போன் வந்துச்சுங்குறா. நெசமா, பொய்யா? அத மட்டுமாச்சும் சொல்லுங்க."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் கார்த்திகா தப்பித்துவிடுவாள். ஆனால் அக்காவே எழுதிய விதி அதற்கு இடம் தரவில்லை. அக்கா நாற்காலியை விட்டு எழுந்து, "வாங்க" என்று அவரை வாசலுக்குக் கூட்டிப் போனார். "இதப் படிங்க. யாரு என்ன எடுத்தான்னு ஒங்ககிட்ட சொல்ல மாட்டேன். ஆனா இங்க உறுப்பினரா இருக்க யாரு வீட்டுக்கு அப்பிடி போன் வந்திருந்தாலும், அது எங்க கையால போனது. எந்தப் பிள்ளையும் வாயத் தொறக்கல."

அவர் நின்றபடி படித்தார். திரும்பவும் முதலில் இருந்து படித்தார். பிறகு செல்லை எடுத்து அறிவிப்பைப் படம் பிடித்தார். கையெழுத்து தெளிவாக விழவில்லை என்று இன்னொன்றும் பிடித்தார்.

அன்று இரவு அவர் வீட்டுக்கு வந்து, அப்பாவிடம் அந்தப் படத்தைக் காட்டிச் சத்தமாகவே வாசித்தாராம். கார்த்திகா தாய் வீட்டுக்குப் போகவில்லை. டீக்கடை கேட்டது கேட்டதுதான். சூர்யபிரகாஷ் அந்தப் பக்கம் இன்னும் போவதில்லை.

அதன் பின் ஒரு நாள் அக்காவிடம், "கார்த்திகா திரும்பவும் புத்தகம் எடுக்க வாராளாக்கா?" என்று கேட்டேன்.

"யாரு வாரா, யாரு போறாங்கிறது ஒனக்கு எதுக்குலே? ஒன் புத்தகத்துக்குத் தவண முடிஞ்சு போச்சு, மொதல்ல அதக் கொண்டா" என்றார்.