நத்தைக்கு ஒரு கை டொலமைட்

தோட்டத்தில் வேலைக்காரரை மேய்க்கும் அந்தக் கண்டாக்கையாவை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன். அன்றைக்கு அவரைவிட அப்பா மேல்தான் எனக்கு அதிகக் கோபம் இருந்தது.

டயகமப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பாடசாலையில் அப்போது நான் ஏழாம் வகுப்பு. நத்தையின் ஓடு சுண்ணாம்பால் ஆனது, அந்தச் சுண்ணாம்பு அது தின்னும் தீனியிலிருந்து வருகிறது என்று பாடப் புத்தகத்தில் இருந்தது. அது உண்மைதானா என்று பார்த்து, விஞ்ஞானக் கண்காட்சியில் வைக்க ஆசைப்பட்டேன். நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால், கோவா என்ற முட்டைக்கோஸ் பாத்தியில் பொறுக்கிய குஞ்சு நத்தைகளை இரண்டு ஐஸ்கிரீம் டப்பாக்களில் விட்டேன். ஒன்றுக்கு வெறும் கோவா இலை. மற்றதற்குச் சுண்ணாம்புத் தூள் தூவிய இலை.

தூள் அப்பா கொண்டுவந்தது. மண்ணின் புளிப்பு குறையத் தேயிலை மலைக்கு டொலமைட் போடுவார்கள். அதுவும் ஒரு வகைச் சுண்ணாம்புக் கல்லை அரைத்த பொடிதான். அந்த வேலையில் இருந்த அப்பாவை நச்சரித்து ஒரு கை வாங்கினேன்.

இரண்டு மாதத்தில் வித்தியாசம் தெரிந்தது. வெறும் இலை தின்றவற்றின் ஓட்டுக்குப் பின்னால் டோர்ச் அடித்தால் உடம்பு நிழலாகத் தெரியும். விரல் பட்டால் விளிம்பு உதிரும். தூள் தின்றவற்றின் ஓடு நகம் மாதிரிக் கெட்டி. தூள் தீர்ந்துவிட்டது. இன்னொரு கை கேட்டேன். அதைக் கொண்டுவரும்போதுதான் அப்பாவின் வெற்றிலைப் பையில் வெள்ளை ஒட்டியிருந்ததைக் கண்டாக்கையா பார்த்திருக்கிறார்.

மறுநாள் காலை பாடசாலைக்குப் போகும் வழியில், வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் அப்பா தனியாக நிற்பதைக் கண்டேன். கண்டாக்கையா பையைப் பிடுங்கி எல்லோர் முன்னாலும் தலைகீழாக உதறினார். வெற்றிலையும் பாக்கும் சேற்றில் விழுந்தன. ஸ்டோர் வாசலில் ஒரு மூட்டை டொலமைட் மழையில் நனைந்து கல்லாகிக் கிடந்தது. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

“தோட்டத்துச் சாமானை எதுக்குடா எடுத்த?”

“கக்கூசுக்குப் போடத்தாங்க.”

சிலர் சிரித்தார்கள். நத்தைக்குத்தான் என்று கத்த ஓரடி வைத்தேன். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்து, “நீ இஸ்கூலுக்குப் போ” என்றார். அப்படி ஒரு குரலில் அவர் என்னிடம் பேசியதே இல்லை.

மூன்று நாள் வேலை இல்லையென்று அவரைத் திருப்பி அனுப்பினார்கள். சாயங்காலம் நான் விடவில்லை.

“ஏம்ப்பா பொய் சொன்னீங்க? என் நத்தைக்குன்னு சொல்ல வெக்கமா?”

சாப்பிட்டுப் படுக்கச் சொன்னார், அவ்வளவுதான். நான் இரண்டு டப்பாவையும் தூக்கிக்கொண்டு போய்ச் சாக்கடைக் கானில் கொட்டினேன். மெல்லிய ஓடுகள் சிமெந்தில் பட்டு நொறுங்கின. கெட்டியானவை தண்ணீரோடு உருண்டு போயின. கண்காட்சிக்கு வெறுங்கையோடு போய், நத்தை செத்துவிட்டது என்று டீச்சரிடம் நானும் பொய் சொன்னேன். அப்பாவோடு ஒரு வாரம் பேசவில்லை.

உண்மையைச் சொல்லியிருந்தால் கண்டாக்கையா என்னையும் கூப்பிட்டு அந்தக் களத்தின் நடுவில் நிறுத்தி விசாரித்திருப்பார். அப்பா தினமும் நின்ற இடம் அது. நான் ஒருமுறைகூட அங்கே நிற்கக்கூடாது என்பதற்காக அவர் சிரிப்பை வாங்கிக்கொண்டார். அன்றைக்கு எனக்கோ, அப்பாவுக்குத் தைரியம் இல்லை என்றுதான் தோன்றியது.