மனையியல் படித்தவளுக்கு நாலாவது வரன்

“…படிப்பு நல்ல படிப்புதான், நான் கொற சொல்லல்ல. ஆனா இத வச்சிட்டு அவ குவைத்துல என்ன செய்வா? நர்ஸிங் எண்ணா பயலுக்க கூடயே போயிருலாம்லா, எக்கா?”

மாப்பிள்ளையின் தாய் இப்படிக் கேட்டபோது, அவர் மடியில் என் மகளின் மனையியல் ரெக்கார்டு நோட்டு விரிந்து கிடந்தது. கொடுக்காதே என்று மகள் கண்ணைக் காட்டியும் கேட்காமல் நான்தான் கொண்டுவந்து கொடுத்தேன். இது நாலாவது வரன். முதல் மூன்று பேரும் தரகரிடம் “பிள்ள நர்ஸா?” என்று கேட்டதோடு நின்றுவிட்டார்கள். படியேறி வந்தவர்கள் இவர்கள் மட்டும்தான். பையன் குவைத்தில் இருந்ததால் தாயும் தகப்பனும் முதலில் பார்க்க வந்திருந்தார்கள். எப்படியும் இது முடிந்துவிடும் என்று மலைபோல நம்பியிருந்தேன்.

தக்கலையில் ஒரு சந்துக்குள் எனக்குத் தையல் கடை. நான் எட்டாவதோடு நின்றவள். பழைய ஜாக்கெட்டுகளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துத் தொழிலை நானாகப் பழகினேன். மற்றபடி எனக்குத் தெரிந்ததெல்லாம் அளவு கொடுக்க வந்த பெண்கள் சொன்னவைதான். கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவள் பொய் சொல்லமாட்டாள் என்று ஒரு நம்பிக்கை.

சுனாமிக்கு அடுத்த வருடம் மகள் பத்தாவது முடித்தாள். அப்போது ஒருத்தி சொன்னாள்: “பொம்பளப் பிள்ளைக்க படிப்பு கல்யாணக் கார்டுல பேருக்க பொறத்தால ரெண்டு எழுத்து போடத்தான். அத எளுப்பமா உள்ளதுல படிச்சா போராதா?” இன்னொருத்தி, “மாமியாரு என்ன, தவள அறுக்கத் தெரியுமாண்ணா கேப்பா? மீன் கொழம்பு வைக்கத் தெரியுமாண்ணுதான் கேப்பா” என்றாள். ஊசியை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன். சிரித்ததோடு விட்டிருக்கலாம்.

பள்ளிக்கூடத்தில் டீச்சர் இரண்டு தடவை கேட்டார், “மார்க்கு இருக்கே, சயின்ஸ் குரூப் எடுக்கலாமே?” என்று. மகளும் பயாலஜி வேண்டும் என்றாள். நான் மனையியல் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

சேர்த்ததும் அவள் அழவில்லை, ஒழுங்காகப் படித்தாள். அதுதான் இன்னும் உறுத்துகிறது. செய்முறைத் தேர்வு வந்தால் அவள் வகுப்புப் பிள்ளைகள் என் கடைக்கே வருவார்கள். “எக்கா, கொழந்த சட்ட ஒண்ணு தச்சுத் தாருங்க. கொஞ்சம் மோசமாத் தைங்க, இல்லெங்கி மிஸ் கண்டுபிடிச்சிருவாவ.” என் மகளோ தானே தைத்துத் தானே பிரித்துத் திரும்பத் தைத்தாள். டிகிரியும் அதிலேயே முடித்தாள்.

ஏழு வருடத்தில் கேள்வி மாறிப்போயிற்று. மீன் குழம்பைப் பற்றிச் சொன்னவளே தன் மகனுக்கு “வேலைக்குப் போற பிள்ளதான் வேணும்” என்று ஊரெல்லாம் தேடினாள். சரி, குழம்பையாவது விட்டார்களா? அதுவும் வேண்டுமாம். இவர்கள் பேச்சைக் கேட்டு ஒரு பிள்ளையின் படிப்பையே வெட்டித் தைத்தேனே என்று என் மேல்தான் எனக்கு ஆத்திரம்.

அன்றைக்கு மாப்பிள்ளையின் தாய்க்கு நான் பதில் தேடுவதற்குள் மகள் சொன்னாள்: “பயாலஜி எடுத்திருந்தா போயிருப்பேன், ஆன்ட்டி. எடுக்க விடல்ல.” சொல்லும்போது என் பக்கம் திரும்பவே இல்லை.

பேச்சை மாற்ற, “முந்திரிக்கொத்து எடுத்துக்கிடுங்க, அவ செய்ததாக்கும்” என்று தட்டை நீட்டினேன். மாப்பிள்ளையின் தகப்பனார் கை நீட்டினார். அந்த அம்மாள் அதைத் தட்டிவிட்டார். “இஞ்ச பாருங்க, சுகரு ஏறிக் கெடக்கு. வச்சிருங்க அத!”

“அந்த நோட்டுல கடைசிக்கு முந்தின பக்கம் பாருங்க, ஆன்ட்டி” என்றாள் மகள். “சுகர் உள்ளவங்களுக்கு என்ன குடுக்கணும்ணு அட்டவண போட்டிருக்கேன்.”

பாடப் புத்தகத்தில் இருந்தது சப்பாத்தியும் ஓட்ஸும். அவள் நம் வீடுகளில் தின்கிற மரச்சீனிக் கிழங்கையும் சாளை மீனையும் சேர்த்துத் தானே அளவு போட்டிருந்தாள். அந்த அம்மாள் ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தார்.

“மரச்சீனி தின்னலாமா, மக்கா?”

“கொஞ்சமாத் தின்னலாம். வெறுங்கெழங்கு கூடாது, சாளக்கறி கூட்டித் தின்னணும்.”

“டாக்டரு கூட இப்பிடி வெளங்கும்படியா சொல்லல்ல, பாத்துக்கிடுங்க!”

எனக்கு உயிர் வந்தது. மனம் மாறிவிட்டார் என்றே நினைத்து, “அப்ப பையன் லீவுல வந்த ஒடனே…” என்று தொடங்கினேன்.

“மார்த்தாண்டத்துல நர்ஸு பிள்ள ஒண்ணு பாத்து வச்சிருக்கு, எக்கா. ஒண்ணும் நெனைக்காதீங்க.”

சொல்லிவிட்டு, அந்தப் பக்கத்தின் ஓரத்தை நகத்தால் கீறி, பக்குவமாகக் கிழித்தெடுத்து, நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.