ஐயாயிரம் தேங்காய்க்கு ஒரு டிக்கெட்

எந்தச் செலவையும் ரூபாயில் சொன்னால் என் அப்பாவுக்கு மண்டையில் ஏறாது. தேங்காயில் சொல்ல வேண்டும். எருத்தேன்பதியில் மூன்று ஏக்கர் தென்னந்தோப்பை வைத்துப் பிழைத்தவர் வேறு எதில் கணக்குப் பார்ப்பார்? என் பள்ளிக்கூடப் பை நாற்பது காய். அத்தையின் மூக்குக் கண்ணாடி நூற்றிருபது காய். அதனால், நான்காம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில் மால்ட்டாவுக்குப் போவது என்று முடிவானபோது, டிக்கெட் ஆளுக்கு ஐயாயிரம் காய் என்று அவர் நோட்டில் எழுதியதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

மால்ட்டா என்பது மத்தியதரைக் கடலில் உள்ள ஒரு சின்னத் தீவு. அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் அம்மா வேலை பார்த்தாள். நான் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது போனவள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அரைமணி நேரம் வீடியோ காலில் வருவாள். ஐந்து பெண்களோடு ஒரே அறை என்பதால், நைட் டூட்டி பார்த்துவிட்டுத் தூங்குகிறவர்கள் எழுந்துவிடக் கூடாதென்று மாடிப்படியில் உட்கார்ந்து குசுகுசுவென்று பேசுவாள். வேலை பர்மிட் புதுப்பிக்கும் நேரத்தில் ஊருக்கு வந்தால் திரும்பப் போக முடியுமோ என்னவோ என்று பயம். அதனால்தான் பத்து நாள் பயணமாக அப்பாவும் நானுமே போவது என்று ஏற்பாடு.

சாயங்காலமானால் நோட்டும் கையுமாக அப்பா உட்காருவார். எதிரே நானும் அத்தையும். அத்தை அப்பாவின் அக்கா, அம்மாவுக்கு நங்கை. அம்மா போனபிறகு என்னைப் பார்த்துக்கொள்ள எங்களோடு வந்து இருந்தாள்.

"ஒரு டீ பதினஞ்சு காயா! அந்தூர்ல மாடு கன்னே கெடையாதா தம்பி?" என்று கேட்டவள், மறுநாளே பருப்புப்பொடி வறுக்க ஆரம்பித்துவிட்டாள். கடையில் வாங்கித் தின்றால் தோப்பே போய்விடும் என்பது அவள் கணக்கு.

மொத்தம் கூட்டிப் பார்த்தபோது ஒரு வருடத்துக் காயையும் தாண்டி நின்றது. எதையாவது அடிக்கச் சொல்லி அப்பா பென்சிலை என்னிடம் கொடுத்தார். பக்கத்துக் குட்டித் தீவுக்குப் படகில் போவதை அடித்தேன். எனக்குப் புதுச் செருப்பு என்று இருந்ததையும் அடித்தேன். கடற்கரையில் அம்மாவோடு ஐஸ்கிரீம் சாப்பிடுவதை மட்டும் அடிக்கவில்லை. தனக்கு ஐஸ்கிரீம் ஆகாது, சளி பிடிக்கும் என்று சொல்லி, மூன்று என்றிருந்ததை அப்பா இரண்டாக்கினார்.

விசாவுக்கு பேங்கில் பணம் இருப்பதாகக் காட்ட வேண்டும் என்று கோயமுத்தூர் ஏஜென்ட் சொன்னார். அப்பாவின் கணக்கில் பணம் தங்கியதாகச் சரித்திரம் இல்லை. "நாம என்ன நாலு சனம் இல்லாதவங்களா?" என்றாள் அத்தை. மொய் வைப்பதில் எங்கள் சனத்தை யாரும் மிஞ்ச முடியாது. வடகரப்பதி மாமா தொடங்கிவைத்தார். ஒரே வாரத்தில் பதினான்கு பேர் அப்பாவின் கணக்கில் பணம் போட்டுவிட்டு, ரசீதைக் காட்டிக் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். வீட்டுக்குக் கல்யாணக்களை வந்துவிட்டது.

விசா கிடைக்கவில்லை. அதுவரை இல்லாத பணம் ஒரே வாரத்தில் எங்கிருந்து வந்தது என்று விசா ஆபீஸ்காரர்களுக்குச் சந்தேகம். பதினான்கு பேர் பிரியமாகப் போட்டார்கள் என்று எழுத அந்தப் படிவத்தில் இடம் இல்லை போலிருக்கிறது. உதவி செய்தவர்களிடம் உங்கள் பணத்தால்தான் காரியம் கெட்டது என்று எந்த வாயால் சொல்வது? ஆளாளுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அப்பா ஊருக்கெல்லாம் ஒரே காரணத்தைச் சொன்னார். எனக்கும் அதையேதான் சொன்னார்.

"தேங்கா வெல எறங்கிப் போச்சு கண்ணு. அடுத்த வருசம் போலாம்."

"ஏனுங்கப்பா, காசில்லீன்னா மொதல்லயே சொல்றதுக்கென்னங்க?"

அவர் தோப்புக்குப் போய்விட்டார். எனக்கு அம்மாமேல்தான் அதிகக் கோபம். மாதாமாதம் பணம் அனுப்புகிறவளுக்கு இன்னும் கொஞ்சம் அனுப்பத் தெரியாதா? நாங்கள் வருவதில் அவளுக்கு இஷ்டமில்லை என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். இனி அவளோடு பேசுவதில்லை என்பது தண்டனை.

நாங்கள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய நாளிலிருந்து அம்மா தினமும் கூப்பிட ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமை என்ற கணக்கெல்லாம் இல்லை. காலையில், மத்தியானத்தில், விளக்கு வைத்தபிறகு என்று போன் அடித்துக்கொண்டே இருந்தது. அப்போதெல்லாம் அவள் குசுகுசுப்பது கிடையாது, நல்ல சத்தமாகவே பேசினாள். நான் பக்கத்தில் போகவே இல்லை. ஒருநாள் மத்தியானம் வாசலில் நொண்டி ஆடிக்கொண்டிருந்தேன். நான் தூங்குவதாகச் சொல்லச் சொல்லி அத்தைக்குக் கை காட்டினேன். அத்தையும் அப்படியே சொன்னாள். அம்மாவின் குரல் எனக்கு நன்றாகக் கேட்டது.

"தூங்கட்டும் நங்கை, எழுப்பாதீங்க. எனக்கு இன்னிக்கு வேல ஒண்ணுமில்ல. எப்ப முழிச்சாலும் கூப்பிடச் சொல்லுங்க, சும்மாதான் இருக்கேன்."

வேலை இல்லையாம், பொழுது போகாமல் கூப்பிடுகிறாளாம் என்று எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது.

பிளஸ் டூ படிக்கும்போதுதான் விசா கிடைக்காத விஷயத்தையும் இதையும் அப்பா பேச்சுவாக்கில் சொன்னார். அம்மா தினமும் கூப்பிட்ட அந்த நாட்கள், எங்களுக்காக அவள் அரை வருடத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்து வாங்கிய லீவு. அவள் இடத்துக்கு வேறொரு பெண்ணைப் போட்டுவிட்டதால் ரத்து செய்ய முடியவில்லை. எங்களுக்காகப் பிடித்துவைத்த, கடல் பார்த்த அறையின் வாடகையும் திரும்பி வரவில்லை. அந்த அறையில் அம்மா தனியாகப் போய் உட்கார்ந்திருக்கிறாள்.

மூன்று வருடத்தில் என்னோடு பேசுவதைத் தவிர வேறு வேலையே இல்லாத அம்மா எனக்குப் பத்து நாள் கிடைத்திருந்தாள். அந்தப் பத்து நாளும் நான் தூங்கிக்கொண்டிருப்பதாகவே அவளுக்குச் சொல்லப்பட்டது.